நில்லும், பாக்கட்டு

சன்னல் வரவில்லை என்று
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து
ஷீபா மூன்றாவது முறை கூப்பிட்டாள்.
நாகர்கோவிலில், சிப்ஸ் கடைக்கு மேல்மாடியில்,
என் மேசையில் அது வந்துகொண்டுதான் இருந்தது.
சொடுக்கினேன், வந்தது. மூடினேன். சொடுக்கினேன், வந்தது.
கீழே நேந்திரன் எண்ணெயில் விழுந்ததும்
சத்தம் வருமே, அத்தனை உடனே.

முதலில் அந்த இணைப்பை
அதே பக்கத்தில்தான் திறக்கவிட்டேன்.
வானிலை வந்தது. விண்ணப்பம் போனது.
படகு எண், டீசல் லிட்டர்,
பதினோரு பேர் பெயர், பதினோரு பேர் ஆதார்,
அத்தனையும் மறுபடி அடித்தாள் ஷீபா.
என்னை என்ன திட்டினாள் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு புதிய தாவல்.
அவள் கணினியில் ஏற்கெனவே முப்பது கிடந்தன,
பெட்டியில் சாளை அடுக்கினமாதிரி, தலை மட்டும் தெரிய.
எதில் காற்று, எதில் கரண்ட் பில்,
தேடுவதற்குள் வரிசை முட்டியது.

அதனால்தான் பாப்அப்.
விண்ணப்பம் அங்கேயே கிடக்கும்,
அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு சன்னல்,
பார்த்துவிட்டு மூடிவிடலாம்.
வெளி இணைப்புக்கு ஒரு குறி போடுவோம்:
சதுரத்தின் மூலையை உடைத்துக்கொண்டு போகும் அம்பு.
களியக்காவிளையில் பஸ் இறங்கும்போதெல்லாம்
எனக்கு அதுதான் நினைவு வரும்.
பத்தடிக்குள் பலகைகளின் எழுத்து மாறிவிடும்.
சாயா அதே சாயா.

நேரில் போனேன், கருங்கல்லில் பஸ் மாறி,
முழங்கால்வரை நனைந்து.

ஷீபா தொட்டாள்.
ஒன்றும் வரவில்லை.
முகவரிப் பட்டையின் ஓரத்தில்
கொசு அளவுக்கு ஒரு குறி: தடுக்கப்பட்டது.
அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.
நான் பார்க்கச் சொன்னதும் இல்லை.

உலாவிக்கு ஒரு குணம்.
மனித விரல் தொட்டால்தான் சன்னல் திறக்கும்,
தானாகத் திறப்பவற்றை நம்பாது.
தொட்ட விரலையும்
சில நொடிக்குமேல் நினைவில் வைக்காது.
நானோ, தொட்டதும்
அந்த முகவரி உயிரோடு இருக்கிறதா என்று
சென்னைக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டு
அப்புறம் திறக்கும்படி எழுதியிருந்தேன்.
நாகர்கோவிலில் ஆள் போய்வர அரை நொடி.
துறைமுகத்தில், அந்த மழையில், ஒன்பது.
பதில் வந்து சேரும்போது
யார் தொட்டது என்று கேட்டது உலாவி.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.
தொட்ட கணமே வெறும் சன்னலைத் திற.
முகவரி பிறகு வரட்டும்.
உள்ளே அனுப்புமுன்
இரண்டு சன்னலுக்கும் நடுவே தொங்கும் கயிறை அறு,
வெளியே போனது திரும்பி வந்து
தாய்ப்பக்கத்தை இழுக்கக் கூடாது.
நாலே வரி. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

தொட்டாள். வந்தது.
வெள்ளை. ஒன்றுமே இல்லாத வெள்ளை.
வெளியே நின்ற ததேயுஸ்
கம்பிக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
"ஒண்ணும் இல்லியே? அப்போ போலாம்.
டோக்கன் தா மக்ளே."

ஒன்பது நொடி.
ஷீபாவின் கை டோக்கன் கட்டின் மேல் போய்விட்டது.
அப்புறம்தான் வெள்ளைக்குள்
மேலிருந்து சிவப்பு இறங்கியது:
காற்று மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர்.

"எளவு, முதல்லயே சொல்லப்பிடாதா" என்றார் ததேயுஸ்.
கணினியிடமா, என்னிடமா?

வெறும் சன்னலில் ஒரு சொல் வேண்டும்.
'ஏற்றப்படுகிறது' என்று அடித்தேன்.
"எதை? மீனையா, ஐஸையா?" என்றாள் ஷீபா.
'காத்திருக்கவும்.'
"அது ரேஷன் கடையிலும் எழுதியிருக்கு.
எவன் நிக்கான்?"
விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து
அவளே அடித்தாள்:

நில்லும். பாக்கட்டு.

இது என்ன தமிழ் என்று
சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது.
திறந்துதான் வைத்திருக்கிறேன்,
தனிச் சன்னலில்.